ஏழு மணிப் பக்கம் விழும் தோட்டா

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனிதனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்பதை நான் ஐம்பதாவது வயதில்தான் ஒத்துக்கொண்டேன். அதுவரை ஞாயிறு என்றால் வீட்டில் பழுதான பொருள்களைத் தேடிப் பிடிக்கும் நாள். கதவுக் கீல், குழாய் வாஷர், சுவர்க் கடிகாரம். என் மனைவிக்கு அது சலித்துவிட்டது. "ஒரு நாளாவது வெளிய போங்களேன், இந்தக் கதவெல்லாம் கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்றாள். அப்படித்தான் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. அப்போது எனக்கு யார் மீதும் கோபம் இல்லை. இப்போதும் இல்லை.

நீங்கள் எழுதச் சொல்லிக் கொடுத்த தாளில் கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்து அச்சாகியிருக்கின்றன. பரவாயில்லை. நான் நேராக எழுதுகிறேன்.

என் வேலை எடை, அளவு ஆய்வு. இருபத்தாறு ஆண்டுகளாகக் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிறேன். இந்த வேலையில் முதல் ஆண்டே ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டேன். கடைக்காரர் தட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால், ஒருமுறை பத்து கிராம் கூடும், மறுமுறை முப்பது கூடும். கை செய்யும் தவறு அலைந்துகொண்டே இருக்கும். தராசிலேயே குறை இருந்தால் அது அலையாது. காலையிலும் இருபது கிராம், மாலையிலும் இருபது கிராம். ஆகவே ஒரு தவறு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடந்தால் நான் மனிதனைப் பார்ப்பதில்லை, கருவியைப் பார்ப்பேன். இதை வைத்துத்தான் எத்தனையோ கடைக்காரர்களைத் திருடன் என்ற பழியிலிருந்து விடுவித்திருக்கிறேன். தயவுசெய்து இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கிளப் ஒரு பழைய செங்கல் கிடங்கின் பின்புறம் இருக்கிறது. நீங்களே போய்ப் பார்த்தீர்கள். ஏழு தடங்கள், இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் ஏழு அட்டை இலக்குகள், அவற்றுக்குப் பின்னால் மண்மேடு. அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பு கொடிக்காரர்தான். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர்; அந்தப் பழக்கத்தில் இங்கும் இரண்டு கொடிகள் வைத்திருக்கிறார். பச்சைக் கொடி என்றால் சுடலாம். சிவப்புக் கொடி என்றால் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்து, திறந்த நிலையில் மேசை மேல் வைத்துவிட்டுக் கையைத் தொங்கப் போட வேண்டும். அவர் ஒவ்வொன்றாக வந்து சுண்டுவிரலை உள்ளே விட்டுக் காலியா என்று பார்த்த பிறகுதான் இலக்குப் பக்கம் நடக்கலாம்.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. தன் இலக்கைத் தானே படிக்கக் கூடாது. பக்கத்துத் தடக்காரர் படித்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அவரே ஓட்டைகளின் மேல் கறுப்பு ஒட்டுத்தாளும் ஒட்ட வேண்டும். நல்ல வழக்கம்தான். தன்னைத் தானே அளந்துகொள்பவனை நானும் நம்ப மாட்டேன்.

இலக்கைக் கடிகாரமாக நினைத்துத்தான் அங்கே பேசுவார்கள். நேர் மேலே பன்னிரண்டு, நேர் கீழே ஆறு. சேர்ந்த மூன்றாவது மாதம் சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்கினேன். முதல் நாளிலிருந்தே அதன் தோட்டாக்கள் ஏழு மணியில் விழுந்தன. மையத்திலிருந்து கீழே பத்து சென்டிமீட்டர், இடப்பக்கம் ஆறு. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூவாயிரத்து நூற்று நாற்பது தோட்டாக்களை நான் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன். அந்தக் குறிப்பேட்டை நீங்கள் என் மேசையிலிருந்து எடுத்துப் போயிருக்கிறீர்கள். ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதும், மற்ற பக்கங்களும் அதேதான்.

நான் அவசரப்பட்டு முடிவுக்கு வரவில்லை. குறி பார்க்க உதவும் பின்பக்க முளையை மேலேயும் வலப்பக்கமும் நகர்த்தினேன். இரண்டு வாரம் சரியாக இருந்தது, பிறகு மறுபடி ஏழு மணி. ஐந்து விதத் தோட்டாக்களை மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு தோட்டாவையும் அலுவலகத்தின் நுண்தராசில் எடை போட்டேன். தயாரித்த கம்பெனிக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். ஒரே ஒரு பதில் வந்தது. குறை எதுவும் இருக்க வாய்ப்பில்லை என்று இரண்டு வரி.

கிளப்பில் துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவர் வாரநாளில் தையல் மெஷின் மெக்கானிக். அவரிடம் கொடுத்தேன். அவர் பிஸ்டலை இரும்புப் பிடியில் முடுக்கி, மனிதக் கை படாமல் ஐந்து முறை சுட்டார். ஐந்து ஓட்டையும் ஒரு நாணயத்துக்குள் அடங்கின.

"இது தங்கமான பிள்ளை சார்" என்றார் மெக்கானிக். "கைதான்..."

"கைக்கு என்ன?"

"கை கொஞ்சம் பயப்படுது. வெடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் முன்கூட்டியே அமுக்குது. வலக்கைக்காரங்களுக்கு இது சகஜம் சார், கீழ இடப்பக்கம்தான் போகும்."

இரும்புப் பிடி ஒரு கருவியின் குறையை மறைத்துவிடும் என்பதை நான் அவருக்கு விளக்கினேன். இறுக்கிப் பிடித்தால் எந்த ஆட்டமும் தெரியாது. அவர் தலையாட்டினார். புரிந்து ஆட்டவில்லை, பேச்சை முடிக்க ஆட்டினார்.

இந்த இடத்தில் என் மைத்துனனைப் பற்றி எழுத வேண்டும். மனைவியின் தம்பி. முப்பத்தெட்டு வயது, திருமணமாகாதவன். பல் மருத்துவமனை ஒன்றுக்குப் பல்செட் செய்து கொடுப்பவன். ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவனைக் கிளப்புக்கு அழைத்துப் போனது நான்தான். அன்று என் பிஸ்டலை வாங்கி, காதுக்கவசத்தைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகப் பத்துத் தோட்டா சுட்டான். நூற்றுக்கு எண்பத்தொன்பது. எல்லாம் மையத்தைச் சுற்றி.

"அத்தான், இது ரொம்ப ஈசியா இருக்கே. பல்லு ராவுறதைவிட ஈசி" என்றான்.

ஒரு மாதத்தில் கிளப் முழுக்க அவனுக்கு நண்பர்கள். கிளப்பில் நான் அதுவரை வெறும் 'சார்'. அவன் வந்த பிறகு 'ஏழு மணி சார்' ஆனேன். பத்து மணிக்கு நான் உள்ளே நுழைந்தால் யாராவது ஒருவர், "ஏழு மணி ஆயிடுச்சு, ஆரம்பிக்கலாமா?" என்பார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அது கெட்டதாகப் படவில்லை. குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிறகு அந்த வெற்றுத் தோட்டா விஷயம். ஒரு ஞாயிறு கொடிக்காரர் என் பிஸ்டலில் தானே தோட்டா நிரப்பித் தந்தார். ஐந்தில் ஒன்று வெடித்து முடிந்த வெற்றுக் கூடு. எது என்று எனக்குச் சொல்லவில்லை. எல்லோரும் பின்னால் நின்றார்கள். இரண்டு முறை சுட்டேன். மூன்றாவது முறை விசையை அழுத்தியபோது டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. பிஸ்டலின் முனை கீழே குனிந்து எழுந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

கொடிக்காரர் மெதுவாகத்தான் சொன்னார். "பாத்தீங்களா சார். வெடி இல்லாமலேயே குனியுது. விசையை இழுக்காதீங்க, சும்மா கசக்கிக்கிட்டே இருங்க. எப்ப வெடிச்சதுன்னு உங்களுக்கே தெரியக்கூடாது."

ஒரே ஒரு முறை எடுத்த அளவை எந்த ஆய்வாளரும் ஏற்க மாட்டார். அந்த டிக் சத்தம் என்னைத் திடுக்கிடச் செய்தது, அதனால் முனை ஆடியது. நியாயமாகப் பார்த்தால் அதை ஐம்பது முறை செய்து சராசரி எடுத்திருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் மைத்துனன் கரண்டியைத் துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடித்து, அதைக் குனிய வைத்து நிமிர்த்திக் காட்டினான்.

"அக்கா, அத்தானோட துப்பாக்கிக்குப் பணிவு ஜாஸ்தி. சுடுறதுக்கு முன்னாடி தலை குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுக்குது."

என் மகள் சிரித்ததில் புரையேறிவிட்டது. மனைவி அவன் முதுகில் செல்லமாக ஒரு அடி வைத்தாள். "சும்மா இருடா, பாவம் அவரு" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அன்று முதல் எங்கள் வீட்டில் யாராவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் வாயால் கேட்பதில்லை. விரலை நீட்டிக் குனிய வைப்பார்கள். பால் பொங்கிவிட்டால் அப்படி. மகள் தாமதமாக வந்தால் அப்படி.

நான் என் கையைச் சோதித்தேன். எனக்கு மறைக்க எதுவும் இல்லை. பிஸ்டலைக் கிளப் பெட்டகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, நாற்பது நாள் காலையில் பல் துலக்குவதற்கு முன் காலித் துப்பாக்கியின் குழல் மேல் ஒரு நாணயத்தை வைத்து, நூறு முறை விசையை அழுத்தினேன். நாணயம் ஒரு முறைகூட விழவில்லை. என் கை ஆடவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அதே கை, அதே விரல். ஆனால் கிளப்புக்குப் போய்த் தோட்டா போட்டால் ஏழு மணி. இதை மைத்துனனிடம் சொன்னேன்.

"காலியா இருந்தா யாருக்கு அத்தான் பயம்? உள்ள ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாதானே" என்றான்.

அவன் புத்திசாலி. அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

அவனும் ஒரு பிஸ்டல் வாங்கினான், என்னுடையதைப் போலவே. என்னுடையதைப் பார்த்துத்தான் ஆசை வந்ததாகச் சொன்னான். அவனுடைய கைப்பிடி புது மரம், என்னுடையது இரண்டு ஆண்டு வியர்வையில் கறுத்தது. மற்றபடி இரட்டைப் பிள்ளைகள்.

இனி அந்த ஞாயிறு. பதினோரு மணி இருக்கும். இருபது தோட்டா சுட்டிருந்தேன். கொடிக்காரர் சிவப்புக் கொடியை உயர்த்தினார். வரிசையாக வந்து ஒவ்வொரு துப்பாக்கியிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். என்னுடையதிலும் பார்த்தார். காலியாகத்தான் இருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன். அவர் தன் வேலையில் எந்தத் தவறும் செய்யவில்லை. தானே சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டதாக அவர் உங்களிடம் அழுதார் என்று கேள்விப்பட்டேன். தன் மேல் இல்லாத குறையை ஒரு மனிதர் ஏற்றுக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எல்லோரும் தங்கள் பக்கத்துக்காரரின் இலக்கைப் படிக்கப் போனார்கள். மைத்துனன் என் இலக்குக்குப் போனான்; நான் மேசையருகிலேயே நின்றுவிட்டேன். கொடிக்காரர் கோடியில் மெக்கானிக்கோடு எதையோ பேசிக்கொண்டிருந்தார். மைத்துனன் அட்டையைப் பார்த்துவிட்டு, திரும்பாமலே கூவினான்.

"அத்தான், ஏழு மணி. ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்ல."

ஒட்டுத்தாள் ஒட்டக் குனிந்தான். என் ஓட்டைகள் இருக்கும் இடத்தில்தான் ஒட்ட வேண்டும். ஆகவே அவன் தலை ஏழு மணியில் இருந்தது. இலக்கின் மையம் அவன் தலைக்கு மேல், சற்று வலப்பக்கம், தெளிவாகத் தெரிந்தது.

எனக்கு அப்போது தோன்றியது மிக எளிமையான ஒன்று. இரண்டு ஆண்டாக நடந்த வாதத்தை ஒரே அளவையில் முடித்துவிடலாம் என்பது. என் சட்டைப் பையில் ஒரு தோட்டா இருந்தது. எப்போதும் ஒன்று இருக்கும், எடை போடுவதற்காக வைத்திருப்பது. அதைப் போட்டு மூடினேன்.

நான் அவனைக் குறி பார்க்கவில்லை. விதிப்படி இலக்கின் மையத்தைத்தான் குறி பார்த்தேன். அவர்கள் சொல்வது சரியாக இருந்தால், அதாவது பிஸ்டல் தங்கமான பிள்ளையாகவும் குறை என் கையிலும் இருந்தால், கையை நான் ஆடாமல் வைத்திருந்தால் போதும். தோட்டா மையத்தில் போகும், அவன் திட்டிக்கொண்டே நிமிர்வான், நான் எல்லோர் முன்னாலும் தலை குனிந்து ஒத்துக்கொள்வேன். அந்த வாய்ப்பை நான் அவனுக்குக் கொடுத்தேன். பிஸ்டலில் குறை இருந்தால் மட்டுமே அவனுக்கு ஆபத்து. குறையே இல்லை என்று இரண்டு ஆண்டாகச் சொன்னது அவன்தான்.

கையை ஆடவிடவில்லை. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். கசக்கினேன். எப்போது வெடித்தது என்று தெரியவில்லை என்று சொன்னால் நீங்கள் எனக்கு இரக்கம் காட்டக்கூடும், ஆனால் எனக்குத் தெரியும். அவன் முன்னால் சாய்ந்து அட்டையோடு சேர்ந்து விழுந்தான். கையிலிருந்த ஒட்டுத்தாள் சுருள் பிரிந்து என் பக்கம் கொஞ்ச தூரம் உருண்டு வந்தது. எழுந்திருப்பான் என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிஸ்டலைத் திறந்த நிலையில் மேசையில் வைத்தேன். சிவப்புக் கொடி ஏறியிருந்ததால் அதுதான் முறை.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் ஒன்றும் பேசவில்லை. என் சார்பில் எல்லோரும் பேசினார்கள். பெட்டியில் வைக்க எடுத்தபோது உள்ளே தங்கிப்போன தோட்டா வெடித்துவிட்டது என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். என்னை உட்கார வைத்து விசிறினார்கள். உறுப்பினர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நீங்களும் 'கவனக்குறைவால் நேர்ந்த விபத்து' என்று எழுதிக்கொண்டீர்கள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனைவி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாலு வயதில் தாயில்லாமல் போன தம்பியை அவள்தான் வளர்த்தாள். அழுது அவளுக்குக் குரலே இல்லை. "நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. உங்களால அப்படியெல்லாம் முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். என்னால் என்ன முடியும், என்ன முடியாது என்று முப்பது ஆண்டு கூட இருந்தவளுக்கே தெரியவில்லை. வருத்தமாக இருந்தது.

நான் இன்று இங்கே வந்ததற்குக் காரணம் மனசாட்சி என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் அதுவும்தான். ஆனால் சரியான காரணம் நேற்று நீங்கள் எனக்குப் படித்துக் காட்டிய ஒரு வாக்கியம். கொடிக்காரரின் வாக்குமூலம். கொலையாக இருக்கலாமோ என்று நீங்கள் கேட்டதற்கு அவர் சொல்லியிருக்கிறார்: "இவரு குறி பாத்துச் சுட்டிருந்தா அவனுக்குப் பட்டே இருக்காது சார்."

அதைப் படித்தபோது உங்கள் உதட்டோரம் ஒரு அசைவு வந்தது. தட்டச்சு செய்பவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாக்கியம் அரசுக் கோப்பில் என் பெயரோடு என்றைக்கும் இருக்கப் போகிறது. அது என்னைக் காப்பாற்றுகிறது என்று தெரியும். ஆனாலும் அது தவறான அளவை. இருபத்தாறு ஆண்டில் தவறான அளவை எதன் கீழும் நான் முத்திரை வைத்ததில்லை.

ஆகவே திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். என் மைத்துனனை நான் கொன்றேன். கைதவறி அல்ல. தோட்டா எங்கே போகும் என்று எனக்குச் சென்டிமீட்டர் கணக்கில் தெரியும். அங்கேதான் போனது. என் கை ஆடவில்லை. பிஸ்டல் ஏழு மணிக்கு இழுக்கும். இரண்டும் ஒரே தோட்டாவில் நிரூபணமாகிவிட்டன.

இந்த இடம் வரை எழுதி உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் முழுவதும் படித்தீர்கள். பிறகு இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தீர்கள்.

"சார், உங்க கையில அன்னைக்கு இருந்தது உங்க பிஸ்டலே இல்ல. நம்பர் பாக்கலையா நீங்க?" என்று கேட்டீர்கள்.

படித்தேன். முதல் தாள் கொடிக்காரரின் இரண்டாவது வாக்குமூலம். சனிக்கிழமை மாலை மைத்துனன் கிளப்புக்கு வந்திருக்கிறான். பெட்டகத்தில் இருந்த எங்கள் இரண்டு பிஸ்டல்களின் கைப்பிடித் தகடுகளையும் கழற்றி மாற்றிப் பூட்டியிருக்கிறான். எனக்குத் தெரியக் கூடாது என்று கொடிக்காரரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். "அத்தானுக்கு அவரோடது மேல நம்பிக்கை போயிடுச்சு. என்னோடதுல சுட்டு ஒரு நாளாவது பத்துல போடட்டும். நல்லா வந்தா அதை அவரே வெச்சுக்கட்டும், பழசை நான் ஓட்டிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறான். ஆக, அன்று காலை நான் சுட்ட இருபது தோட்டாவும் அவனுடைய புதுப் பிஸ்டலில் சுட்டவை. இருபத்தோராவதும்.

இரண்டாவது தாள் உங்கள் ஆய்வுக்கூடத்தின் அறிக்கை. அந்தப் பிஸ்டலை இரும்புப் பிடியில் வைத்து ஐந்து முறை சுட்டிருக்கிறார்கள். மையத்தில், ஒரு நாணயத்துக்குள்.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டீர்கள். தட்டச்சு செய்பவரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு தாளையும் மறுபடி ஒருமுறை நிதானமாகப் படித்தேன். பதிலை வாயால் சொல்வதைவிட எழுதித் தருவதே முறை என்பதால் இதே தாளில் கீழே எழுதுகிறேன்.

இரண்டு பிஸ்டலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். அவனுடையதிலும் அதே குறை இருந்திருக்கிறது. பாவம், அது அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அதையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.